சுவருக்கு நோகாத சுவர் எழுத்து



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி எங்கள் தமிழாசிரியை கேட்டபோது, 'நாங்கள் சென்ற சுற்றுலா', 'காலம் பொன் போன்றது' என்று பல தலைப்புகள் என் மனத்தில் தோன்றின. ஆனால் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும், அதன் பயனாகக் கற்ற ஒரு கைவேலையைப் பற்றியும் எழுதினால் பிறருக்கு உதவும் என்று எங்கள் அருட்சகோதரி கூறினார். ஆகவே வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன்.

நான் எழுதிய சுவர்

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்த நாள் அது. சைக்கிள் நிறுத்தும் இடத்திற்குப் பின்னால் புதிதாக வெள்ளையடித்த சுவர் ஒன்று பளிச்சென்று நின்றது. என் கையில் தடித்த மார்க்கர் பேனா இருந்தது. அயல்நாட்டுச் சுவர்களில் ஊதிய பலூன்களைப் போல எழுதப்பட்ட எழுத்துகளைப் படங்களில் பார்த்திருந்தேன். அதே பாணியில் என் பெயரையும் வகுப்பையும் ஒரு முழ உயரத்திற்கு எழுதிவிட்டேன். தோழியர் கைதட்டினர். எனக்குப் பெருமை தாளவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அருட்சகோதரி என்னை அந்தச் சுவருக்கு அழைத்துச் சென்றார். அங்கே எங்கள் ஆயாம்மா உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துக் கொண்டிருந்தார். விடுமுறையில் அவர் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்திருக்கிறார். இரண்டு முறையும் மார்க்கர் மை சுண்ணாம்பைத் தாண்டி மேலே கசிந்து வந்துவிட்டதாம். அருட்சகோதரி என்னைத் திட்டவில்லை. "இன்று மாலை ஆயாம்மாவுக்கு உதவியாக இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் தேய்த்தேன். உள்ளங்கை சிவந்து எரிந்தது. சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தது. ஆயாம்மா கோபிக்கவே இல்லை. "பேரு நல்லாத்தான் இருக்கு கண்ணு. போகத்தான் மாட்டேங்குது. லீவுல ரெண்டு நாளு இதுக்கே போயிடுச்சு" என்றார். நூறு பிரம்படி பட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் 5 நிமிடத்தில் எழுதிய பெயர் ஒருவருடைய 2 நாள் ஓய்வை விழுங்கியிருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அருட்சகோதரி, "எழுத ஆசைப்பட்டது தவறில்லை அம்மா. இந்த எழுத்து எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று படித்து வந்து எனக்குச் சொல்" என்றார். அவ்வாறு நான் படித்தறிந்தவற்றை முதலில் கூறுகிறேன்.

பெயர் எழுதும் ஆசை

சுவரில் கீறியும் வரைந்தும் எழுதுவதை ஆங்கிலத்தில் 'கிராஃபிட்டி' என்பர். கீறுதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து இது வந்தது. இந்த ஆசை புதிதன்று. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துச் சுவர்களில் பெயர்களும் கேலிகளும் வாழ்த்துகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. இவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. பிறர் சுவரில் அல்லாமல் பானையில் பெயரைக் கீறிய அவர்கள் என்னைவிட அறிவாளிகள் என்று நினைத்துக் கொண்டேன்.

இன்று நாம் காணும் வண்ணச் சுவர் எழுத்து 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்கியது. 'கார்ன்பிரெட்' என்னும் புனைபெயர் கொண்ட இளைஞர் நகரெங்கும் அப்பெயரை எழுதி வைத்தார். அடுத்து இவ்வழக்கம் நியூயார்க்கில் பரவியது. அங்கே 183-ஆம் தெருவில் வாழ்ந்த, கடிதமும் பொட்டலமும் கொண்டு சேர்க்கும் வேலை பார்த்த ஓர் இளைஞர் போகுமிடமெல்லாம் 'டாக்கி 183' என்று எழுதினார். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அதைப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் மார்க்கர் பேனாவும் வண்ணத் தெளிப்பானும் எடுத்துக்கொண்டு கிளம்பினர். சுரங்க ரயில் பெட்டிகளை அவர்கள் விட்டு வைக்கவில்லை.

இவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. அவர்களில் புகழ்பெற்றவர் 'லேடி பிங்க்'. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் 1964-இல் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்தவர். 1979-இல் அவர் எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ என் வயதுதான். பின்னாளில் அவர் உரிய அனுமதியோடு பெரும் சுவரோவியங்கள் தீட்டினார். மாணவர்களுக்கும் கற்பித்தார். அவருடைய ஓவியங்கள் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன.

ரயில் பெட்டிகளின் கதை வேறு விதமாக முடிந்தது. நியூயார்க் ரயில் நிர்வாகம் பல ஆண்டுகள் பெரும் பொருள் செலவிட்டுப் பெட்டிகளைக் கழுவி, 1989 மே மாதத்தில் கிறுக்கல் உள்ள கடைசிப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து நீக்கியது. ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் கையால்தானே தேய்த்திருப்பார்! அதைப் படித்தபோது எனக்கு ஆயாம்மாவின் உப்புத்தாள்தான் நினைவுக்கு வந்தது.

பிலடெல்பியா நகரமோ 1984-இல் கிறுக்கலைத் தடுக்க ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அதில் பணிக்கு வந்த ஜேன் கோல்டன் என்னும் ஓவியர், சுவரில் கிறுக்கிய இளைஞர்களுக்கே சுவரோவியம் தீட்டக் கற்றுக் கொடுத்தார். அம்முயற்சி வளர்ந்து, இன்று அந்நகரம் ஆயிரக்கணக்கான சுவரோவியங்களுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. கெடுத்த கையே அழகு செய்யவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தமிழ்நாட்டில் பொதுவிடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதலே சட்டம் உண்டு. நாம் எழுதக்கூடிய சுவர் எது என்று யோசித்தபோது, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது.

அட்டையின் இயல்பு

மளிகைக் கடைப் பெட்டியின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு இடையே அலை அலையாக ஒரு தாள் ஓடுவது தெரியும். 1871-இல் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் புட்டிகளையும் விளக்குச் சிமினிகளையும் உடையாமல் பொதிவதற்காக அலைத்தாளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்த அலைகள் வரிசையான சிறு வளைவுகளைப் போல நின்று பாரத்தைத் தாங்குகின்றன. அதனால்தான் எடை குறைந்த அட்டை இவ்வளவு உறுதியாக இருக்கிறது.

இதில் நாம் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, அட்டை அலையின் போக்கிலேயே எளிதில் மடியும்; குறுக்கே மடிக்க முயன்றால் நசுங்கும். இரண்டாவது, ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அப்பக்கத் தாள் ஈரத்தால் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டை அப்பளம் போல வளைந்துவிடும். ஆகவே பின்பக்கமும் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். இரண்டு அட்டைகளை ஒன்றின் அலை நெடுக்காகவும் மற்றதன் அலை குறுக்காகவும் இருக்கும்படி ஒட்டினால் எளிதில் வளையாது.

வேண்டிய பொருள்கள்

3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பழைய அட்டைப் பெட்டிகள், செய்தித்தாள், பென்சில், இரும்பு ஸ்கேல், அட்டை வெட்டும் கத்தி, ஃபெவிக்கால் அல்லது மைதாப் பசை, போஸ்டர் கலர், மிச்சமான வெள்ளை டிஸ்டம்பர், பழைய பல் பிரஷ், ஸ்பாஞ்சுத் துண்டு, சணல் கயிறு. வண்ணத் தெளிப்பான் வேண்டாம். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதி, விலையும் அதிகம்.

தமிழ் எழுத்தை ஊதுவது எப்படி?

ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்துக்கு வளைவு அதிகம். ஆகையால் அது பலூன் எழுத்துக்கு மிகவும் ஏற்றது. முதலில் செய்தித்தாளில் எழுத்தைச் சாதாரணமாக 15 சென்டிமீட்டர் உயரத்தில் எழுதுங்கள். இது எலும்பு. பிறகு அக்கோட்டின் இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, மூலைகளை உருட்டி, வெளிக்கோடு வரையுங்கள். இது சதை. இப்போது உள்ளே இருக்கும் எலும்பை அழித்துவிடலாம்.

அடுத்தடுத்த எழுத்துகள் ஒரு விரல் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். கொம்பை உயர்த்தலாம்; 'ழி'யின் சுழியை நீட்டலாம். ஆனால் புள்ளியை மறக்கவே கூடாது. நான் முதன்முதலில் 'அன்பு' என்று செய்தபோது, 'ன்' மேலிருந்த புள்ளியைத் தனியாக வெட்டி வைத்துவிட்டு ஒட்ட மறந்துவிட்டேன். 'அனபு' என்று தொங்கியதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. புள்ளியைப் பந்தாகவோ, பூவாகவோ, நட்சத்திரமாகவோ செய்யலாம். ஆனால் அது எந்த எழுத்துக்கு உரியதோ அதன் தலைக்கு நேரே நிற்க வேண்டும்.

வெட்டும் முறை

செய்தித்தாள் மாதிரியை அட்டையில் வைத்துச் சுற்றி வரைந்து கொள்ளுங்கள். எழுத்தின் உள்ளே இருக்கும் துளைகளை முதலில் வெட்டுங்கள்; அட்டை பெரிதாக இருக்கும்போது அசையாமல் நிற்கும். வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் அலை நசுங்கிப் பிசிறு வரும். முதல் கீறல் மேல் தாளுக்கு, இரண்டாவது அலைக்கு, மூன்றாவது அடித் தாளுக்கு என்று மூன்று முறை மெதுவாகக் கீறுங்கள். அடியில் வேறு அட்டை ஒன்று இருக்கட்டும். பிடித்திருக்கும் கையை நோக்கிக் கத்தியை ஒருபோதும் இழுக்க வேண்டாம். தங்கையர் வரைந்து கொடுக்கட்டும்; கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்.

நிழலும் சுவரும்

சுவர் எழுத்துக்கு உயிர் கொடுப்பது அதன் நிழல்தான். அட்டையில் இது மிக எளிது. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பிரதியாக வெட்டி, ஒன்றுக்கு முழுதும் கறுப்பு பூசுங்கள். கறுப்பு எழுத்தை முதலில் ஒட்டி, வண்ண எழுத்தை ஒரு சென்டிமீட்டர் மேலாகவும் இடமாகவும் தள்ளி அதன்மேல் ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே சிறு அட்டைத் துண்டுகளை வைத்து உயர்த்தினால் எழுத்து புடைத்து நிற்கும். எல்லா எழுத்துக்கும் நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும் என்பது முக்கியம்.

வண்ணம் பூசும்போது, எழுத்தின் மேல்பகுதியில் மஞ்சளும் கீழே சிவப்பும் தடவி, இரண்டும் சந்திக்கும் இடத்தை ஈரம் காயுமுன் ஸ்பாஞ்சால் ஒற்றினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். பல் பிரஷை வண்ணத்தில் தோய்த்துக் கட்டைவிரலால் தடவினால் தெளிப்பான் போலவே பொடிப் பொடியாகத் தெறிக்கும். கடைசியாக, வளைவுகளின் மேல் ஒரு வெள்ளைக் கீற்று. உடனே பலூன் மினுங்கும்!

பின்னணிக்கும் அட்டையே போதும். மேல் தாளை ஈரத்துணியால் துடைத்து மெல்ல உரித்தால் உள்ளே இருக்கும் அலை வெளிப்பட்டு, கடைகளின் இரும்பு ஷட்டர் போலத் தோன்றும். மெல்லிய அட்டையைச் செங்கல் செங்கலாக வெட்டி ஒட்டினால் செங்கல் சுவர். பின்புறம் துளையிட்டுச் சணல் கயிறு கோத்து ஜன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டிவிடலாம். ஆணி வேண்டாம்.

ஒரே அறிவிப்பைப் பல முறை எழுத வேண்டுமானால், எழுத்தைத் துளையாக வெட்டி, ஸ்டென்சில் செய்து, அதன்மேல் ஸ்பாஞ்சால் வண்ணம் ஒற்றலாம். பாரிஸ் நகரில் 'பிளெக் லெ ரா' என்னும் ஓவியர் 1981 முதல் இம்முறையில் எலிகளை வரைந்து புகழ் பெற்றார். 'ப', 'ட' போன்ற எழுத்துகளை அப்படியே வெட்டலாம். 'அ', 'ம' போன்றவற்றில் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு பாலம் விட வேண்டும்.

ஆயாம்மா கேட்ட பலகை

இவற்றையெல்லாம் கற்றபின் அருட்சகோதரியின் அனுமதியோடு ஆயாம்மாவிடம் சென்று, "உங்களுக்கு ஒரு பலகை செய்து தரட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்து, "குழாயடியில நான் கழுவி விட்டதும் சின்னப் பிள்ளைங்க ஓடி வந்து வழுக்கி விழுதுங்க. அதுக்கு ஏதாச்சும் எழுதிக் கொடு கண்ணு" என்றார்.

நான் 'வழுக்கும்! மெல்ல நட!' என்று என் திறமையெல்லாம் காட்டி எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி, அம்புகளும் சுருள்களும் சேர்த்து ஒரு பலகை செய்தேன். எல்லாரும் வியந்தனர். ஆனால் அன்று மாலையே முதல் வகுப்புக் குழந்தை ஒருத்தி அதன் முன்னாலேயே வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொண்டாள். "அங்கே எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா?" என்று கேட்டேன். "அது பூ இல்லையா அக்கா?" என்றாள் அவள் அழுகையோடு.

நியூயார்க் இளைஞர்கள் எழுத்தை முறுக்கிப் பின்னியது தம் கூட்டத்தார் மட்டும் படித்தால் போதும் என்பதற்காக. அதற்கு 'வைல்ட் ஸ்டைல்' என்றே பெயர். அறிவிப்புப் பலகையோ அறியாதவருக்காக வைப்பது. இந்த வேறுபாடு எனக்கு அக்குழந்தையின் முழங்காலைப் பார்த்த பிறகே விளங்கியது.

மீண்டும் உட்கார்ந்தேன். பொதுவான கணக்குப்படி 10 அடி தூரத்திலிருந்து படிக்க ஓர் அங்குல உயரமுள்ள எழுத்து வேண்டும். எங்கள் வராந்தாவின் முனையிலிருந்து குழாயடி 30 அடி. ஆகவே 3 அங்குலத்திற்குக் குறையாமல், நான் 5 அங்குல எழுத்தாக, பின்னல் இல்லாமல், மஞ்சள் பின்னணியில் கறுப்பாக வெட்டினேன். உப்பலும் நிழலும் மட்டும் வைத்துக் கொண்டேன். ஆயாம்மா அருகில் அமர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கும் படிக்கத் தெரியாது, அந்தக் குட்டிங்களுக்கும் இன்னும் தெரியாது. ஒரு காலு வழுக்குற மாதிரி படம் போடு" என்றார். அதுதான் அந்தப் பலகையின் மிகச் சிறந்த பகுதி என்று இப்போதும் நினைக்கிறேன். வண்ணம் காய்ந்தபின் ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தோம். தெறிக்கும் நீர் எளிதில் ஊறாது. மெழுகை முன்னமே தேய்த்தால் வண்ணம் ஒட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பலகையைக் கட்டி முடித்ததும் ஆயாம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "உன் பேரை எங்க காணோம்?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே பென்சிலை என் கையில் கொடுத்து, "பின்னால போட்டுக்க. இது நீ செஞ்சதுதானே" என்றார். பின்பக்கம் சிறியதாக என் பெயரை எழுதி, அதற்கு மேலே அவர் பெயரையும் எழுதினேன். எது தம் பெயர் என்று கேட்டு, அதை விரலால் தடவிப் பார்த்துக் கொண்டார். இப்போது மாலை நேரங்களில் அவர் தம் பெயரை எழுதப் பழகி வருகிறார்.

தோழியரே! "நான் இங்கே இருக்கிறேன்" என்று எழுத விரும்பாதவர் யார்? அந்த ஆசையைக் கொன்றுவிட வேண்டாம். எழுதுமுன், "இதை அழிக்கப் போகிறவர் யார்?" என்று மட்டும் ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, உங்கள் மனம் போல் ஊதியும் உருட்டியும் எழுதுங்கள். பிழைத்தால் பழைய தாள் கடைக்குப் போகும். நன்றாக வந்தால், நாம் இப்பள்ளியை விட்டுச் சென்ற பிறகும் யாரோ ஒரு குழந்தை வழுக்கி விழாமல் காக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி